பூனை ரசம் கேட்டாரு

4 அக்டோபர் 1943, திங்கள். லைப்சிக்

பழைய நோட்டு தீந்து போச்சு. இது புதுசு, தொரசாணி குடுத்தாங்க. அவங்க வீட்டுக்காரர் வெண்ட் பாதிரியார் ஐயா பிரசங்கம் எழுதறதுக்குன்னு வாங்கி வெச்சது. அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு. பரலோகத்துல அவருக்கு எதுக்கு நோட்டு?

யார் கையிலயாவது இது கெடைச்சா தெரியணுமே, அதுக்காக எழுதி வெக்கறேன். நான் ஞானப்பூ. ஊரு தரங்கம்பாடி. வயசு நாப்பத்தேழு. பாதிரியார் குடும்பம் ஊருக்குத் திரும்பினப்ப சமையல்காரியா கூடக் கப்பல் ஏறினேன். ஆறு மாசத்துல திருப்பி அனுப்பறோம்னாங்க. அதுக்குள்ள சண்டை வந்துச்சு. அஞ்சு வருஷமா இந்தக் குளிர்ல பல்லு தந்தியடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.

திங்கட்கிழமைன்னா போலீஸ் ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போடணும். நான் இங்கிலீஷ்காரன் ராஜ்ஜியத்துப் பிரஜையாம், அதனால எதிரியாம். அவன் எங்க ஊரையே புடிச்சு வெச்சிருக்கான், எனக்கும் அவனுக்கும் என்ன ஒட்டு உறவுன்னு அந்த ஆபீசர்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியாச்சு. காதுல வாங்கினாத்தானே!

வீட்டு வாசல்ல கண்காணி நின்னான். எங்க தெருவுக்குன்னு கட்சி போட்டிருக்கற ஆளு, பேரு க்ருகெல். யார் வீட்டுல கொடி தொங்கல, யார் யாரோட பேசறாங்க, குண்டு விழப் போகுதுன்னு சங்கு ஊதினா யார் நிலவறைக்கு எறங்கல, எல்லாத்தையும் பாத்து மேலிடத்துல சொல்றது அவன் வேலை. என்னைக் கண்டதும் கையை வெறைப்பா நீட்டி அவங்க தலைவன் பேரைச் சொல்லிக் கத்தினான். நானும் கையை நீட்டி, பல்லைக் காட்டி, "நாசமாப் போ"ன்னு சொன்னேன். தெனம் இதான் சொல்றேன். இந்திய வணக்கம்னு நெனைச்சுக்கிட்டிருக்கான். போன வாரம் அவன் பொண்டாட்டி எதுக்க வந்து, அவளே எனக்கு "நாஸ்மாப்போ" சொல்றா, அதுவும் சிரிச்ச முகமா!

மேல கூரை அறையில ஒரு பூனை இருக்கு. பிப்ரவரியில வந்துச்சு. அது பூனை. அதுக்கு மேல எழுத மாட்டேன்.

6 அக்டோபர், புதன்

புளி தீந்து ரெண்டு வருஷம். இந்த ஊர்க்காரங்க முட்டைக்கோஸை நறுக்கி உப்புப் போட்டுப் பானையில ஊற வெச்சுப் புளிக்க வெக்கறாங்கல்ல, அந்தத் தண்ணியில ரசம் வெச்சேன். மிளகு பத்தே பத்து. வாசனை என்னமோ கழுவாத சாக்கு மாதிரிதான், ஆனா நாக்குல வெச்சா ரசம்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

தொரசாணி ஒரு தம்ளர் குடிச்சாங்க. பூனைக்கு ஒரு தம்ளர் மேல கொண்டு போனேன். பூனை ரெண்டாவது தம்ளர் கேட்டாரு.

"டைரியில அந்த ஆளைப் பத்தி எழுதாதேடி"ன்னு தொரசாணி சொல்றாங்க. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தமிழ்தான் பேச்சு, வெளியில யாருக்கும் புரியாதுல்ல. அவங்க தமிழ் எங்க தோட்டக்காரன்கிட்டக் கத்துக்கிட்ட தமிழ். எல்லாருக்கும் டா, டிதான். ஒரு தடவை தரங்கம்பாடிக்கு வந்த பெரிய பிஷப்பைப் பாத்து "உக்காருடா, தண்ணி குடிடா"ன்னாங்க. சபையே தலை குனிஞ்சு போச்சு. தங்கமான மனுஷி. ஒரே ஒரு கோளாறு, பொய் சொன்னா விக்கல் வந்துடும்.

"நான் யாரையும் எழுதலையே, பூனையைத்தானே எழுதறேன்"ன்னேன். "தமிழ் படிக்க இந்த ஊர்ல யார் இருக்கா?"

"பண்டிதன் இருக்கான்டி"ன்னாங்க. அதுவும் வாஸ்தவம்தான்.

10 அக்டோபர், ஞாயிறு

கோயில்ல ஆராதனை முடிஞ்சு வெளியில வரேன், பண்டிதர் புடிச்சுக்கிட்டாரு. முழுப் பேரு புரொபசர் லாம்ப்ரெக்ட், வயசு எழுபது இருக்கும். நாப்பது வருஷம் காலேஜுல தமிழ் சொல்லிக் குடுத்தவரு. ஆனா ஒரு நாள் கூட நம்ம ஊரை மிதிச்சதில்ல. எல்லாம் ஏட்டுல படிச்ச தமிழ்.

"அம்மையே, நலந்தானே? இன்று வானம் மப்பும் மந்தாரமுமாய் உளது"ன்னாரு.

"ஆமாங்க, மழ வரும் போல இருக்கு."

"இருக்கின்றது."

"அதாங்க, இருக்கு."

"இருக்கு என்னும் சொல் எந்த நூலில் உளது?"

"எங்க வீட்டுல உளது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு மனுஷி அஞ்சு வருஷமா தமிழ் கேக்காமக் காஞ்சு கெடக்கறா, அவகிட்ட ரெண்டு வார்த்தை ஆசையாப் பேசுவோம்னு உண்டா? இவர் ஒரு ஆளு, கண்காணி ஒரு ஆளு. ரெண்டு பேருக்கும் பிழை கண்டுபிடிக்கறதுதான் பொழப்பு.

13 அக்டோபர், புதன்

பூனைக்குப் பொழுது போகல. தொரசாணியோட பழைய கறுப்புத் தொப்பியைப் பிரிச்சு, நீராவியில காட்டி, விளிம்பை ஒரு பக்கமா வளைச்சு, புதுசாத் தைச்சுக் குடுத்துருச்சு. பூனை முன்னால பெரிய தொப்பிக் கடை வெச்சிருந்தாரு. இருந்துச்சு. வெச்சிருந்துச்சு. கடையைப் புடுங்கிக்கிட்டாங்க.

பூனையோட பொண்டாட்டியைப் போன வருஷம் ரயில்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கன்னு கேட்டா யாரும் சொல்லல. பூனை அன்னைக்கு நூல் வாங்க வெளியில போயிருந்துச்சாம், அதனால தப்பிச்சுதாம். இதை எங்கிட்டச் சொல்லும்போது அந்தத் தொப்பியைக் கையில வெச்சு உருட்டிக்கிட்டே இருந்தாரு.  கீழ வந்து வெங்காயம் உரிச்சேன்.

17 அக்டோபர், ஞாயிறு

தொப்பியால வந்தது வினை. கோயில்ல எல்லார் கண்ணும் தொரசாணி தலைமேலதான். கண்காணி பொண்டாட்டி நேரா வந்து, "எந்தக் கடையில தைச்சீங்க?"ன்னா. தொரசாணி "நானேதான்"னு ஆரம்பிச்சாங்க. விக்! விக்! விக்! நான் குறுக்கே பூந்து, "நான் தைச்சேங்க, எங்க ஊர்க் கைவேலை"ன்னேன். நான் பொத்தான் தைச்சாலே சட்டையோட என் பாவாடையும் சேந்து வரும்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடு. வெள்ளிக்கிழமை அளவு குடுக்க வரேன்"ன்னா.

அவ தலை இருக்கே, பரங்கிக்காய். மேல போய்ப் பூனைகிட்டச் சொன்னேன். எட்டு மாசத்துல மொத மொதலாப் பூனை வாய் விட்டுச் சிரிச்சாரு. நான் வாயைப் பொத்த வேண்டியதாப் போச்சு.

22 அக்டோபர், வெள்ளி

கண்காணி பொண்டாட்டி வந்தா. அடுப்படி மேஜையில இந்த நோட்டு தொறந்தபடி கெடந்துச்சு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். புரட்டிப் பாத்துட்டு, "இது என்ன, எல்லாம் சுழி சுழியா? ரகசியக் குறியா?"ன்னா.

"தமிழுங்க. சமையல் குறிப்பு"ன்னேன்.

"சமையல்ல இவ்வளவா எழுதுவாங்க?"

"எங்க ஊர்ல எழுதுவோம்."

தலையை அளந்தேன். மேல யாரோ நடக்கற மாதிரி சத்தம் கேட்டுச்சு. அவ மேல பாத்தா. "பூனை"ன்னேன். அவளுக்கு ஆச்சரியம். "உங்க வீட்டுல பூனை இருக்கா? பாத்ததே இல்லையே?"

"ரொம்ப வெக்கப்படுங்க"ன்னேன்.

25 அக்டோபர், திங்கள் (சர்க்கரைப் பொட்டலக் காகிதத்துல எழுதறேன்)

நோட்டு போச்சு. காலையில கண்காணியும் ஒரு போலீஸ்காரனும் வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவன் பொண்டாட்டி, நேத்துதான் தைச்சுக் குடுத்த புதுத் தொப்பியைப் போட்டுக்கிட்டு எதுத்த வீட்டு ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்கறா. நன்றி கெட்ட பரங்கிக்காய்.

"தமிழ் படிக்கத் தெரிஞ்சவர்கிட்டக் குடுத்துப் படிப்போம்"ன்னான் போலீஸ்காரன். அது யாருன்னு எனக்குத் தெரியாதா?

26 அக்டோபர், செவ்வாய்

பயப்பட ஒண்ணுமே இல்லன்னு தொரசாணிக்குத் தைரியம் சொன்னேன். "நான் என்ன மடச்சியா? எல்லா எடத்துலயும் பூனைன்னுதான் எழுதியிருக்கேன். பூனை சாப்பிட்டாரு, பூனை தூங்கினாரு, பூனை ரசம் கேட்டாரு..."

சொல்லிக்கிட்டே வரேன், நாக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு.

ஐயோ கர்த்தரே! எந்தப் பூனைடி ரசம் கேட்டா"ரு"? கேட்டுச்சுன்னு எழுதணும். பூனை அஃறிணைல்ல? ஊர்ல பால்காரன் வீட்டுப் புள்ளைக்குக் கூடத் தெரியும். வயசுல பெரியவர், கண்ணியமான மனுஷர், அவரை எப்படி வந்துச்சு போச்சுன்னு எழுத மனசு வரும்? கை தானா "ரு" போட்டுருச்சு. ஜெர்மன்காரன் எவன் படிச்சாலும் அந்த ஒத்தை எழுத்து கண்ணுல படாது. பண்டிதருக்குப் படும். அவருக்கு அது மட்டும்தான் படும்!

மாட்டினா பூனையை ரயில்ல ஏத்திடுவாங்க. தொரசாணியையும் என்னையும் சும்மா விடுவாங்களா? மூணு உசிரு இப்ப ஒரு "ரு"வுல தொங்குது.

தொரசாணிகிட்ட வெளக்கிச் சொன்னேன். "நான் எழுதியிருந்தா 'பூனை வந்தான்டா'ன்னு எழுதியிருப்பேன்டி, அதுவும் தப்புத்தானே?"ன்னு கேட்டு என்னைச் சமாதானப்படுத்தறாங்க.

28 அக்டோபர், வியாழன்

பூனையை வேற எடத்துக்கு அனுப்பிடலாமான்னு யோசிச்சோம். எங்க அனுப்பறது? தெரு முனையில கண்காணி நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். பூனை பெட்டியை மூடி வெச்சுட்டு, "நான் பாட்டுக்கு வெளியில போயிடறேன், உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம்"ன்னாரு. நான் கத்தின கத்துல அந்தப் பேச்சை விட்டுட்டாரு. பெட்டியைப் புடுங்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்.

30 அக்டோபர், சனி

சோறு எறங்கல. இங்க சோறும் இல்ல, அது வேற விஷயம்.

1 நவம்பர், திங்கள்

நோட்டு திரும்ப வந்துடுச்சு! நடந்ததை ஒண்ணு விடாம எழுதறேன்.

கையெழுத்துப் போடப் போனவளை உள் அறைக்குக் கூப்பிட்டாங்க. ஆபீசர், கண்காணி, ரெண்டு பேரும் கையை நீட்டினாங்க. பழக்க தோஷம், நானும் நீட்டி "நாசமாப் போ"ன்னுட்டேன். அப்பத்தான் பாத்தேன், மூலையில பண்டிதர், கையில என் நோட்டு, காதுல சிவப்புப் பென்சில். 

"அவ என்ன சொன்னா?"ன்னு ஆபீசர் கேட்டான்.

பண்டிதர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "ஒரு வாழ்த்து. ஆனால் இலக்கணம் தவறு"ன்னு ஜெர்மன்ல சொல்லிட்டு, என் பக்கம் திரும்பினாரு. "அம்மையே, அதிகாரியை ஒருமையில் ஏவுதல் தகாது. நாசமாய்ப் போவீராக என்பதே முறை. சொல்லுக."

 ஆபீசரைப் பாத்து மறுபடி கையை நீட்டி, "நாசமாய்ப் போவீராக"ன்னேன். அவன் தலையை ஆட்டி ஏத்துக்கிட்டான்.

அப்புறம் பண்டிதர் அறிக்கை வாசிச்சாரு. மொத்தம் நானூத்தி அறுபது பிழையாம். ஒத்து மிகற எடம், மிகாத எடம், பேச்சு வழக்கு, கொச்சைன்னு ஒவ்வொண்ணா. ஆபீசர் கொட்டாவி விட்டான். "விஷயம் என்ன இருக்கு? விஷயத்தைச் சொல்லுங்க."

"விஷயம் மிகவும் சாதாரணம். சமையல், வானிலை, தொப்பி, பூனை. ஆனால் பூனை விஷயத்தில் ஒரு பெரும் பிழை, நான்கு இடத்தில்."

போச்சுடா, குழி தோண்டிட்டான் கெழவன்னு நெனைச்சேன். வயித்துல புளியைக் கரைச்சுது, ரெண்டு வருஷமாப் பாக்காத புளி.

"இம்மொழியில் உலகப் பொருள் எல்லாம் இரண்டே வகை"ன்னாரு. "மனிதர், தேவர் உயர்ந்த வகை. விலங்கு, கல், மேசை எல்லாம் தாழ்ந்த வகை. இந்த அம்மை பூனைக்கு மனிதருக்குரிய மரியாதை விகுதி தந்து எழுதியிருக்கிறார்."

கண்காணி துள்ளி எழுந்தான். "அப்ப அது பூனை இல்ல! மனுஷன்!"

"உட்காருங்கள்"ன்னாரு பண்டிதர். பள்ளிக்கூடத்துப் பையனைச் சொல்ற மாதிரி. கண்காணி உக்காந்துட்டான். "இலக்கணம் அறியாதவர்தாம் அப்படிச் சொல்வர். அன்பு மிகுந்தால் விலங்கை மனிதர்போல் உயர்த்திச் சொல்லலாம். பிழைதான், ஆனால் மன்னிக்கப்பட்ட பிழை. அதற்கு வழுவமைதி என்று பெயர். பசுவை என் அம்மா வந்தாள் என்பார்கள். அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்."

சுருக்கம்னு சொல்லி ஒண்ணே கால் மணி நேரம். ஆபீசர் மொதல்ல பேனாவைப் பாத்தான், அப்புறம் ஜன்னலைப் பாத்தான், அப்புறம் கண்ணைத் தொறந்தபடியே தூங்கினான். "ஆகவே..."ன்னு பண்டிதர் குரலை உயர்த்தினதும் முழிச்சு, "ஆகவே அது பூனை"ன்னான்.

"மிகவும் நேசிக்கப்பட்ட பூனை"ன்னாரு பண்டிதர்.

"நான் ஒன்பது வருஷமா அந்தத் தெருவுல இருக்கேன், அந்த வீட்டுல பூனையே கெடையாது!"ன்னு கண்காணி கத்தினான்.

ஆபீசருக்கு அலுத்துப் போச்சு. "நாளைக்குப் பத்து மணிக்கு நீயே போய்ப் பாரு. பூனை இருந்தா வந்து சொல்லு. இல்லன்னா நான் வரேன்"னு சொல்லி நோட்டை என் மேல வீசினான்.

வெளியில வந்து பண்டிதரைத் தேடினேன், நாலு கேள்வி கேக்கலாம்னு. அதுக்குள்ள போயிட்டாரு. என்ன மனுஷன்! காப்பாத்தினாரா, கவுத்தாரா, ஒண்ணும் புரியல. பூனைப் பேச்சை எடுக்காமலே இருந்திருக்கலாம்ல? ஆனா எடுக்கலன்னா, அந்தப் பரங்கிக்காய் ஏற்கெனவே பூனைக் கதையைச் சொல்லித்தான் வெச்சிருப்பா.

அதே நாள், சாயங்காலம்

பூனைக்கு எங்க போறது? இந்த ஊர்ல பூனை வெச்சிருந்தவங்கள்லாம் போன வருஷமே அதை முயல்னு சொல்லிக் கறி வெச்சுட்டாங்க. நாலு தெரு அலைஞ்சேன். ஒரு வால் கூடக் கண்ணுல படல.

பூனை (மேல இருக்கறவர்) ஒரு யோசனை சொன்னாரு. தொரசாணியோட பழைய நரித்தோல் கழுத்துப்பட்டியை வெட்டி, பஞ்சடைச்சு, ஒரு பூனை தைச்சுட்டாரு. தொப்பி தைக்கறதுல புலி, பூனை தைக்கறதுல பூஜ்யம். பாக்க லாரியில அடிபட்ட நாய்க்குட்டி மாதிரி இருந்துச்சு. "தூங்குதுன்னு சொல்லிக்கலாம்டி"ன்னாங்க தொரசாணி, உடனே விக்கல்.

நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் அம்மை வாத்த மாதிரி சிவப்பு. ஒரே ஒரு எடம் மட்டும் சுத்தமா இருக்கு. அக்டோபர் பதிமூணு, ரயில்ல ஏத்திக்கிட்டுப் போனதை எழுதியிருக்கேனே, அந்த எடம். கடையும் பொண்டாட்டியும் இருக்கற பூனை எங்க உண்டுன்னு இப்பத்தான் எனக்கே ஒறைக்குது. அங்கயும் பத்துப் பிழையாவது இருக்கும். பாக்காம விட்டுட்டாரு போல. வயசாச்சுல்ல.

2 நவம்பர், செவ்வாய்

இப்பவே எழுதி வெக்கறேன். எழுத்துக் கோணினாக் கோணட்டும்.

ஒன்பதே கால் மணிக்குக் கதவு தட்டுச்சு. அதுக்குள்ள வந்துட்டானான்னு செத்தேன். தொறந்தா பண்டிதர். கையில மூடி போட்ட பிரப்பங்கூடை. நல்ல வேளை, தெரு முனையில கண்காணி நாற்காலி காலி.

"அம்மையே, தங்கள் பூனை வழி தவறி எம் இல்லம் புகுந்தது. ஒப்படைக்க வந்தேன்."

"எங்க பூனையா? எங்களுக்கு ஏதுங்க பூனை?"ன்னுட்டேன். மடச்சி, மடச்சி!

அவர் என்னையே பாத்தாரு. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, "உற்று நோக்குக. தங்களுடையதே"ன்னாரு. கூடையை என் கையில திணிச்சாரு. "இதன் பெயர் வெருகு." சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு போயிட்டாரு. ஒரு தடவை நின்னாரு. ஆனா திரும்பல.

கூடையைத் தொறந்தா சாம்பல் நிறத்துல ஒரு பூனை. கெழப் பூனை. பண்டிதர் மாதிரியே மூஞ்சி, இந்த வீட்டுல ஒண்ணும் சரியில்லங்கற மாதிரி ஒரு பார்வை. எறங்கினதும் நேரா அலமாரிக்கு அடியில பூந்துக்கிச்சு.

பத்து அடிச்சுது. கண்காணி வந்தான். "பூனை எங்க?"

"அலமாரிக்கு அடியிலங்க."

குனிஞ்சு பாத்தான். "எதோ இருக்கு. அது உங்க பூனைன்னு எப்படி நம்பறது? நேத்துப் புடிச்சுட்டு வந்திருப்பீங்க. கூப்பிடு. உன் பூனைன்னா நீ கூப்பிட்டா வரும்."

"வா, வா"ன்னேன். அசையல. "ப்ச் ப்ச் ப்ச். வாடி ராசாத்தி. தங்கம்ல." கண்ணை மூடிக்கிச்சு. தொரசாணி முட்டி போட்டு, "ஏய், வெளிய வாடா!"ன்னாங்க. இன்னும் உள்ள போயிடுச்சு.

கண்காணி சிரிச்சான். அந்த நேரம் பாத்து மேலேருந்து "ஹச்!"னு ஒரு தும்மல். நரித்தோல் முடி மூக்குல ஏறியிருக்கும். கண்காணி சிரிப்பு நின்னு போச்சு. கூரையைப் பாத்தான்.

"நான்தான், ஜலதோஷம்"னாங்க தொரசாணி. பொய்யாச்சே! விக்! விக்! விக்! ஒவ்வொரு விக்கலுக்கும் ஆளே குதிக்கறாங்க, மேஜையில கரண்டி எல்லாம் ஆடுது. எது தும்மல், எது விக்கல்னு பிரிக்க முடியல. மேலயும் இன்னொண்ணு கேட்டுச்சு. கண்காணி மாடிப்படி பக்கம் ஒரு கால் எடுத்து வெச்சான்.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது யார் வீட்டுப் பூனை? பொறந்ததுலேருந்து இது என்ன தமிழைக் கேட்டிருக்கும்? மானம் போனாப் போகுதுன்னு நிமிந்து நின்னேன். தொண்டையைச் செருமினேன்.

"வெருகே! இவண் வருக!"

அலமாரிக்கு அடியிலேருந்து தலை வந்துச்சு. அப்புறம் உடம்பு. அப்புறம் வால். ராஜ நடையா நடந்து வந்து என் முன்னால நின்னு மூஞ்சியைப் பாத்துச்சு. "அமர்க"ன்னேன். உக்காந்துச்சு. கண்காணி பூட்ஸ் மேலயே உக்காந்துச்சு.

கண்காணி வாயைப் பொளந்தான். "ஆமா, இது உன் பூனைதான்"னான். காலை எடுக்கவும் பயம், மிதிக்கவும் பயம். "எழுந்து செல்க"ன்னு நான் சொன்னப்புறம்தான் அவனுக்கு விடுதலை. வாசல்ல கை நீட்டினான். நானும் நீட்டி, "நாசமாய்ப் போவீராக"ன்னேன். முறை முறைதானே.

கதவை மூடிட்டு அங்கயே தரையில உக்காந்துட்டேன். அழுகையா சிரிப்பான்னு தெரியல. ரெண்டும்தான்.

3 நவம்பர், புதன்

வெருகு ரசம் குடிக்கல.

7 நவம்பர், ஞாயிறு

மத்தியானம் பண்டிதர் வந்தாரு. உள்ள நுழைஞ்சதும் வெருகு ஓடி வந்து அவர் மடியில ஏறிக்கிச்சு. அதும் முதுகைத் தடவிக் குடுத்தாரு. அவர் பொண்டாட்டி செத்துப் பதினொரு வருஷம் ஆச்சுன்னு தொரசாணி எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. அந்த வீட்டுல அவருக்குத் தமிழ் பேச இது ஒண்ணுதான் ஆளு.

"நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க, ஐயா. எனக்குப் பாவமா இருக்கு"ன்னேன்.

"இயலாது. அக்கண்காணி மீண்டும் வருவான். இது இங்கேயே இருத்தல் வேண்டும்." அதுக்கு அப்புறம் ரொம்ப மெதுவா, "ஞாயிறுதோறும் யான் வந்து காணலாமா?"ன்னு கேட்டாரு.

இதைப் போய்க் கேக்கணுமா? இத்தனை நாள் இவரை என்னென்ன திட்டியிருக்கேன், இந்த நோட்டுலயே இருக்கு. எல்லாத்தையும் படிச்சுட்டுத்தானே அவ்வளவு நேரம் அந்த ஆபீசர் முன்னால நின்னு பேசினாரு! வெக்கத்துல ரசத்தை எடுத்துக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. நாப்பது வருஷம் ரசத்தைப் பத்திப் படிச்சவரு, இன்னைக்குத்தான் குடிக்கறாரு.

"அவர் நலமா?"ன்னாரு.

"நல்லா இருக்குங்க. உருளைக்கிழங்குத் தோலெல்லாம் திங்குது. ஆனா கர்வம் ஜாஸ்தி."

"அம்மையே"ன்னாரு. "யான் அதனைக் கேட்கவில்லை."

என் கையிலேருந்து கரண்டி விழுந்துச்சு. தொரசாணிக்குப் பொய்யே சொல்லாம விக்கல் வந்துச்சு.

"ஒன்பது மாதமாய் அவரோடு எவரேனும் உரையாடினரா?"

"நாங்க ரெண்டு பேருதாங்க."

"மூன்றாமவனாய் யான் இருக்கலாமா?"

மேல போய்ச் சொன்னேன். அவர் கட்டில் விளிம்புல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு. பகல்ல அவர் கீழ எறங்கினதே இல்ல. அப்புறம் எழுந்து தலை வாரினாரு. கட்டிலுக்கு அடியில கெடந்த பெட்டியைத் தொறந்து கோட்டு எடுத்துப் போட்டாரு, டை கட்டினாரு. மூணு தடவை அவுத்து அவுத்துக் கட்டினாரு. நான் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து விட்டேன்.

கீழ வந்து பண்டிதர் முன்னால நேரா நின்னு, கையை நீட்டி, பேரைச் சொன்னாரு. முழுப் பேரு. அப்பா பேரும் சேத்து. குரல் கரகரன்னு இருந்துச்சு. எனக்கே இன்னைக்குத்தான் அந்தப் பேரு தெரியும். கேக்கக் கூடாதுன்னு தொரசாணி சொல்லியிருந்தாங்க. பண்டிதர் எழுந்து, வெருகை எறக்கி விட்டுட்டு, ரெண்டு கையாலயும் அவர் கையைப் புடிச்சுக்கிட்டுத் தன் முழுப் பேரைச் சொன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் விடவே இல்ல.

தொரசாணி ஓன்னு அழ ஆரம்பிச்சாங்க. "அழுதது போதும், ரசம் ஆறுது"ன்னு அதட்டினேன். நாலு பேரும் உக்காந்து குடிச்சோம்.

அந்தப் பேரை இங்க எழுத மாட்டேன். அடுப்பைத் தொடைக்கும்போது நாலு தடவை மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். பிழையில்லாம வருது.